ரிஜெக்ட் சார் வாங்கிய டிவி

கட்டை விரல் நகத்தால் டிவியின் ஓரச் சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறிக்கொண்டே போனார். பாதி வழியில் நகம் ஒரு நொடி தயங்கியது. அங்கேயே குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். "இங்க ஜாயின்ட் தெரியுது பாருங்க. ஒரு நூல் இடைவெளி. நாளைக்கு இதுக்குள்ள தூசி போகும். அப்புறம்?" விற்பனையாளர் அடுத்த டிவிக்கு நகர்ந்தார். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன மனிதர் அவர். நகத்தால் கீறியவருக்கு அந்தக் கடையில் அது எட்டாவது வருகை. எதிர்க் கடைக்கு ஐந்து தடவை போயாகிவிட்டது. இரண்டு கடையிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: ரிஜெக்ட் சார்.

தனக்கு அப்படியொரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். வார்ப்பிலிருந்து வந்த இரும்பை மேசைமேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போயிருக்கும். அடுத்த நிமிடம் அதன் முதுகில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். "பாஸ் போட எவன் வேணும்னாலும் போதும் சார். தப்பைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேணும்" என்பார். ஓய்வு பெற்ற அன்று மேடையில் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நொண்டுது" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் சிரித்தது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சுத்தியலைத் தொழிற்சாலையில் ஒப்படைத்துவிட்டார். குணத்தை யாரிடம் ஒப்படைப்பது? அது அவரோடு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது. முதல் வாய் உள்ளே போகும்போது மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். "உப்பு ஒரு கல்லு தூக்கல்." "சாதம் குழைஞ்சு போச்சு." "இது நேத்து வெட்டுன காய்தானே?" குறை இல்லாத நாளில் வாயே திறக்க மாட்டார். தான் வாயைத் திறக்காமல் இருப்பதே பாராட்டு என்பது அவர் நினைப்பு. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளையைக்கூட, "பல்வரிசை சரியில்ல, ஆளும் அப்படித்தான் இருப்பான்" என்று தள்ளினார். மகள் அந்தப் பல்வரிசையையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

மிச்சம் இருப்பது மனைவி. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டுவார். "முப்பத்தெட்டு வருஷத்துல எதிர்த்து ஒரு வார்த்தை வந்ததில்ல" என்று காலை நடைக்கு வரும் கூட்டாளிகளிடம் அவர் சொல்லிக்கொள்வது உண்டு. கேட்டவர்களுக்குப் பொறாமை.

டிவி விவகாரம் இப்படி வந்தது. வீட்டில் இருந்தது முதுகு பெருத்த பழைய டிவி, இருபத்து மூன்று வயது. டிஷ் கம்பெனியிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தி வந்தது: பழைய பாக்ஸ் இனி ரொம்ப நாள் ஓடாது, புது பாக்ஸுக்கு மாறிக்கொள்ளவும். புது பாக்ஸின் ஒயரைச் சொருக அந்தக் கிழட்டு டிவியில் இடமே இல்லை. ஆக, இரண்டையும் மாற்ற வேண்டும். "நான் வாங்கி அனுப்பறேன்ப்பா" என்றாள் மகள். "நீ அவசரத்துல எதையாவது தலையில கட்டிட்டுப் போயிடுவ. நான் பாத்துச் சொல்றேன்" என்றார். பார்த்துக்கொண்டே எட்டு மாதம் ஓட்டிவிட்டார். கெடு இந்த மாதம் முப்பதாம் தேதியில் வந்து நின்றது. நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறம் முழுக்கக் குறைப் பட்டியல். ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. ஒன்றில் கறுப்பு கறுப்பாக இல்லை. ஒன்றின் ரிமோட்டில் பொத்தான் அதிகம். ஒரு டிவிக்கு எதிரே, "விற்கிறவன் சிரிப்பு சரியில்லை" என்றுகூட எழுதியிருந்தார்.

மனைவி ஒரே ஒரு முறைதான் கேட்டார். "முப்பதாம் தேதிக்குள்ள வந்துடும்ல?" நாள் முழுக்க வேலை செய்த உடம்பு, மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் ஒரு தொடரின் முன்னால் உட்காரும். அவருக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த அரை மணிதான். டிவிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் முக்காலியைப் போட்டு, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். "கண்ணு கெட்டுப் போகும், தள்ளி உக்காரு" என்று இவர் பின்னாலிருந்து அதட்டுவார். முக்காலி நகராது. அதற்கும் இவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: நாடகப் பைத்தியம்.

முப்பதாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது, மொட்டை மாடியில் இருக்கும் பழைய டிஷ் உதவுமா என்று பார்க்க கம்பெனி மெக்கானிக் வந்தார். ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில். விளம்பரம் வந்தால் சத்தத்தை அமுக்குவது நம்மவர் பழக்கம். அன்றும் அமுக்கினார், ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கோடு மாடி ஏறினார். மேலே ஒவ்வொரு நட்டையும் தடவிப் பார்த்து, துரு இருக்கும் இடத்தையெல்லாம் சுட்டிக்காட்டி, மெக்கானிக்கின் உயிரை வாங்கிவிட்டு இறங்கி வந்தார். கூடத்தில் தொடரின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெண் யாரிடமோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும்.

பையிலிருந்து ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். அமுக்கிய சத்தம் அமுக்கியபடியே இருந்தது. "ஏய்" என்றார். "இந்தா, உன்னைத்தான்." முதுகு அசையவில்லை.

"அம்மாவுக்குக் காது கேக்காதா சார்?" என்றார் மெக்கானிக்.

"யாருக்கு? அதெல்லாம் நல்லாக் கேக்கும்."

"இல்ல சார். எங்க அம்மாவும் இப்படித்தான் ஒட்டி உக்காந்து வாயைப் பாத்துட்டு இருப்பாங்க. புது பாக்ஸ் போட்டா, பேசறதெல்லாம் கீழ எழுத்தா ஓடும். வீட்டுல அதான் மாட்டிக் குடுத்தேன்." போகும்போது மெக்கானிக் கம்பெனியின் விளம்பரத் தாள் ஒன்றை மனைவியின் கையிலேயே கொடுத்து, அதில் எழுத்து ஓடும் படத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். வீட்டுக்குள் நுழைந்து அரை மணி ஆகாத ஆள்.

மறுநாள் காலை நம்மவர் சோதனையில் இறங்கினார். சமையலறையில் மனைவி அடுப்பைப் பார்த்து நின்றார். ஆறடி பின்னால் நின்று, "தண்ணி குடு" என்றார். பிறகு நாலடி. பிறகு ஓரடி. கடைசியில் ஒரு கரண்டியை எடுத்து, கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தில் ஓங்கித் தட்டினார். கணீரென்றது. அண்டை வீட்டு நாய் குரைத்தது. மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இரும்புக்குள் ஒளிந்த விரிசலைக் காதால் கண்டவருக்கு, கூடவே படுத்து எழுந்த பெண்ணின் காது போனதைக் கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக் வரவேண்டியிருந்தது. நினைக்க நினைக்க எனக்கே வயிறு எரிகிறது. அவருக்கு எரிந்ததா தெரியாது; கரண்டியால் இன்னொரு தடவை தட்டினார்.

உப்பை எடுக்கத் திரும்பிய மனைவி, கரண்டியும் கையுமாக நின்றவரைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. "தெரிஞ்சு போச்சா?" என்றார்.

இவர் ஏதோ படபடவென்று கேட்டார். மனைவி கையை உயர்த்தி நிறுத்தினார். "டிவியில பேசறவங்க உதடாவது தெரியும். உங்க மீசைக்குள்ள ஒண்ணும் தெரியலைங்க. எழுதிக் காட்டுங்க."

நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினார்: எத்தனை நாளா?

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

ஏன் சொல்லலை?

மனைவி சிரித்தார். "சொன்னேனே. இரைச்சலா இருக்குங்க, சரியாக் கேக்கலைன்னு. நீங்கதான் ஜன்னல்கிட்ட உக்காரவச்சு, காதைப் புடிச்சு இழுத்து, டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. ஒரு குறையும் இல்ல, பாஸுன்னீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு காதையும் பார்த்தார், சுத்தமாக இருந்தன. அந்த வீட்டில் அவர் பாஸ் போட்டது வாழ்நாளில் அந்த ஒன்றுக்குத்தான்.

மனைவி அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே தோல் நிறத்தில் இரண்டு சிறு கருவிகள். மகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தது. "இதை மாட்டிக்கிட்டா நல்லாவே கேக்குது. முடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுட்டா வெளிய தெரியறதில்ல. அவ வந்தா மாட்டிக்குவேன். போன் பண்ணாலும் மாட்டிக்குவேன்."

மத்த நேரம்? என்று எழுதிக் காட்டினார்.

மனைவி அந்தத் தாளைப் படித்துவிட்டு இரண்டாக மடித்தார். "மத்த நேரம் வீட்டுல நீங்க மட்டும்தானே இருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார். பெட்டியை மூடிப் புடவைக்கு அடியில் வைத்தார். பிறகு மெக்கானிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார். "இந்த எழுத்து ஓடற டிவியையே வாங்கிடுங்க. எனக்கு இதான் வேணும்." முப்பத்தெட்டு வருடத்தில் அவர் இதுதான் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள்.

அடுத்த பத்து நாளும் நம்மவர் கூட்டாளிகளுக்கு முன்னாலேயே காலை நடையைத் தனியாக முடித்துவிட்டு வந்தார். முதல் நாள் கண்ணாடி முன் நின்று மீசையை எடுத்துவிடலாமா என்று யோசித்தார். நாற்பது வருட மீசை. கத்தரிக்கோலால் ஒரு நூல் அளவு குறைத்துவிட்டு, அதையே பெரிய தியாகம்போல மனைவியிடம் காட்டினார். மனைவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் வேறொரு யோசனை உள்ளே புகுந்து குடைய ஆரம்பித்தது. எழுத்து ஓடும் டிவி வந்துவிட்டால் அந்தக் காதுக் கருவிப் பெட்டி புடவைக்கு அடியில் கிடந்தே மக்கிப் போகும். டிவியே இல்லாமல் போனால்? ஆறு மணிக்கு என்ன செய்வாள்? பொழுது போகாமல் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அதை எடுத்து மாட்ட மாட்டாளா? டிவியைத் தள்ள எட்டு மாதமாக இல்லாத உருப்படியான காரணம் இப்போதுதான் கிடைத்திருந்தது. அதை மட்டும் தாளின் பின்புறம் எழுத முடியவில்லை.

முப்பதாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் கடைக்குப் போனார். எழுத்தை ஓடவிடச் சொன்னார். "சின்னதா இருக்கே" என்றார். விற்பனையாளர் பெரிதாக்கிக் காட்டினார். "சீக்கிரம் ஓடிப் போயிடுது." அப்படியெல்லாம் ஓடவில்லை, நின்று நிதானமாகத்தான் மாறியது. சட்டத்தை நகத்தால் கீறக்கூட இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த எழுத்து வராமயே பண்ணிட முடியுமா? நிரந்தரமா?"

"பண்ணலாம் சார். ஆனா எதுக்கு? காது கேக்காதவங்க வீட்டுல இதுக்காகவே தேடி வந்து வாங்கறாங்க. எடுக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அவர் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். "சரி, பில் போடுங்க" என்றார். விற்பனையாளர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

டிவி வந்து சுவரில் ஏறியது. பழையது வாசலுக்குப் போனது. அதே மெக்கானிக் பாக்ஸை மாட்டி, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஆறு மணிக்கு மனைவி முதல் முறையாகச் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். திரையில் ஒருத்தி வாயைத் திறக்குமுன் எழுத்து வந்துவிட்டது. மனைவி அதைப் படித்துவிட்டு அவளை முந்திக்கொண்டு சிரித்தார்.

அன்றைய மத்தியானச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு குறையும் தென்படவில்லை. தென்பட்டாலும் விழுங்கியிருப்பார். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மத்தியானத்திலிருந்தே வாய் அரித்துக்கொண்டிருந்தது. எழுதிக் காட்டியிருக்கலாம். கை வரவில்லை. எழுந்து போய், டிவிக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றார்.

"இன்னைக்குச் சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

மனைவி அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தார். வழக்கம்போலத் தலையாட்டினார். "சரிங்க, நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்று சொல்லி, அவர் இடுப்புக்குப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தபடி, கொஞ்சம் தள்ளுங்கள் என்று புறங்கையை அசைத்தார்.