அப்பா நிரப்பி வைத்த ஏழு பாட்டில்கள்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது. படிக்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அப்பா எழுந்து நின்று சொல்லவிருந்ததை நான் சொல்கிறேன்.

அப்பா இலஞ்சியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வயல் வேலை செய்துகொண்டே படித்தார். தென்காசியில் ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றார். கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். அம்மா கெஞ்சவும் மாட்டார். இரண்டு வேளை தாண்டியதும் தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

நம் குளத்து விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்வை அப்பாதான் நடத்திக் கொடுப்பார். ஒருமுறைகூடத் தாம் நின்றதில்லை. தலைவராக விரும்புகிறவர் செருப்பில்லாமல் குளத்தங்கரை முழுக்க நடந்து, கடைமடை வயல் வரை போக வேண்டும். வழியில் யார் என்ன குறை சொன்னாலும் பதில் பேசக் கூடாது. திரும்பி வந்ததும், யார் என்ன சொன்னார் என்று சபையில் சொல்ல வேண்டும். காதில் வாங்காதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

கடந்த தேர்வில் மட்டும் அந்த நடை நடக்கவில்லை. நின்றவர் அப்பாவின் சொந்த அக்கா மகன், என் அத்தான். கரைக்குக் கீழே குடியிருக்கும் இசக்கியம்மாள் அக்கா எழுந்து, "நடக்காம எப்படி அண்ணாச்சி தலைவராக்குதீய?" என்று கேட்டார்.

"நம்ம பிள்ளைதானம்மா. அவனுக்குத் தெரியாத குளமா?" என்றார் அப்பா. எல்லாரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

அடுத்த மழையில் இசக்கியம்மாள் அக்கா வீட்டுக்கு வந்தார். கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிகிறது, தலைவரிடம் சொன்னால் சிரிக்கிறார் என்றார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு, அம்மாவின் ஊறுகாய் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்தார். மறுநாள் அடியில் நூல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. வாரம் ஒரு பாட்டிலாக ஏழு பாட்டில்கள் நிரப்பினார். ஏழாவதில் மண் விரல் கனம் இருந்தது.

அத்தானை அழைத்து, ஜன்னலில் வரிசையாக இருந்த பாட்டில்களைக் காட்டினார். "ஏன் மாமா இப்படிப் பதறுதீய? மழைக்கு எல்லாக் கரையும் வேர்க்கத்தான் செய்யும்" என்றார் அத்தான்.

"ஏலே, தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா விட்டுரலாம். இது கலங்கி வருது. உள்ள கரை கரைஞ்சிக்கிட்டு இருக்குலே."

அதன்பின் அப்பாவின் தூக்கம் போயிற்று. மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். நெஞ்சு வலி என்று தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும், "இந்த வாரம் பாட்டில் பிடிச்சியா?" என்றுதான் கேட்டார். நான் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான்தாம்மா அவனை நடக்க விடாம உக்கார வச்சேன். அடுத்த தேர்வுல சபையில எந்திரிச்சு சொல்லிருதேன்" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

கோடையில் குளம் வற்றியது, கசிவும் நின்றது. "பாத்தியா?" என்று அத்தான் என்னிடம் சிரித்தார். கரையைப் பலப்படுத்த ஒரு கூடை மண்கூட அவர் போடவில்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட இசக்கியம்மாள் அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தானுக்கும் மனதார நன்றி. அப்பாவைத் தோளில் சுமந்தவர் அவர். இந்த மலரை அச்சுக்குக் கொடுத்தவரும் அவர்தான். இந்தப் பக்கத்தை மட்டும் கடைசியில் நானே அச்சகத்தில் கொடுத்தேன்; அவர் இன்னும் படிக்கவில்லை.

மூன்று நாளாக மழை விடவில்லை. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நம் குளத்துக்குத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தலைவர் தேர்வு. அத்தான் மட்டுமே நிற்கிறார். நடை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவின் படத்துக்கு முன்னால் அந்த ஏழு பாட்டில்களையும் வைத்திருக்கிறேன். எட்டாவதை நேற்றுக் காலை நான் பிடித்தேன். பூப் போட வரும்போது அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதி பாட்டில் மண். பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கை தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை கரையில் நடந்துவிட்டு வாருங்கள், கரை இருந்தால்.