வண்டி வரும்வரை

வேட்பாளரின் வண்டி வந்து சேரும்வரை ஒலிபெருக்கி ஓயக்கூடாது. ஓய்ந்தால் கூட்டம் கலைந்துவிடும். இது எங்கள் கட்சியின் எழுதாத விதி. அந்த இடைவெளியைப் பேசி நிரப்புவது என் வேலை. எந்தத் தலைப்புக்கும் எந்த அணியிலும் நின்று வெல்வேன் என்ற செருக்கு எனக்குக் கல்லூரி மேடைகளிலேயே வந்துவிட்டது. வேட்பாளர் என் தந்தை. நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் தோற்று, ஐந்தாவதில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை வேடசந்தூரில் மேடை. ஆலை வேலை முடிந்து வந்தவர்கள் சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கேட்டார்கள். குடிநீர், கூலி, சாலை என்று நான் அடுக்கி வைத்திருந்தவையெல்லாம் தீர்ந்தன. வண்டி வரவில்லை. கீழே நின்ற ஒன்றியச் செயலாளர் கைபேசியைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் குனிந்தேன்.

"மாமா, அப்பா எங்க?"

"கம்மாக்கரை ஊர்ல வண்டிய மறிச்சிருக்கானுக. அதுக்கப்பறம் போன் போகல. நீ பேசிக்கிட்டே இரு பாப்பா. நிறுத்துனா சேதி பரவிரும். நம்ம பயலுக கெளம்பிருவானுக, அப்பறம் வெட்டுக்குத்துதான்."

போன தேர்தலில் அதே ஊரிலிருந்துதான் அப்பா நெற்றியில் கட்டோடு வந்தார்.

நிமிர்ந்தேன். சொல்ல எதுவும் எஞ்சவில்லை. "இனிச் செத்த நேரம் நான் ஆளுங்கட்சிக்காரி," என்றேன். கூட்டம் சிரித்தது. "நான்கு முறை வேண்டாம் என்றீர்கள். ஐந்தாவது முறையும் உங்கள் வாசலில் வந்து நிற்கிறாரே, இவருக்கு வேறு வேலையே கிடையாதா?"

விசில் பறந்தது. நா தன் பழக்கத்தில் ஓடியது. செவி மட்டும் சாலையில் கிடந்தது.

"தாயி, இம்புட்டு நல்லா பேசுறியே. பேசாம அந்தப் பக்கமே போயிரு," என்றார் ஒரு சைக்கிள்காரர்.

அப்போது ஆலைப் பேருந்து ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களுக்கு நடுவே அப்பா. தோளில் துண்டு இல்லை. பார்த்துவிட்டேன், ஆனால் தொடங்கிய வாக்கியம் என்னை மீறி முடிந்தது: "இன்னும் எத்தனை முறை தோற்றால் இவர் வீட்டில் இருப்பார்?"

அவர் மெல்ல மேடையேறி ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். "ஒண்ண விட்டுட்டியேம்மா. ஊராட்சித் தேர்தல்லயும் தோத்திருக்கேன்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த இரைச்சலில் என் காதருகே சொன்னார்: "வண்டிக் கண்ணாடி போச்சு. டிரைவருக்கு ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட சொல்லாத."

ஒலிவாங்கியை வாங்கிய அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவரும் பயப்படுவார் என்பதை அதுவரை நான் அறிந்ததில்லை. பின்னால் நின்று பார்த்தேன். குழல் விளக்கின் வெளிச்சத்தில் அவர் சட்டைக் காலருக்குள் கண்ணாடித் துகள்கள் மின்னின. நேரத்தைக் கடத்தக் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்கே விடை தேவைப்பட்டது.

பேச்சை முடிக்கும்போது, வழியில் ஓர் ஊரில் பேச முடியாமல் வந்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

"நாளைக்கு மொதக் கூட்டம் அங்கதான்."

ஒன்றியச் செயலாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் வண்டி வரும்வரை அங்கே பேச வேண்டியவள் நான்.