ஃபாரம் அக்காவும் அறுபத்தொரு பேரும்

எங்கள் பொது நூலகத்தின் மாடிக் கூடத்தில் கூட்டம் சேராத கூட்டங்கள் ஏராளமாக நடந்திருக்கின்றன. ஒரு முறை 'நேரத்தை நிர்வகிப்பது எப்படி' என்று பேச ஒருவர் வந்தார். முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். கேட்க வந்தவர்கள் நாலு பேர். ஒருவர் நூலகர். ஒருவர் மின்விசிறிக்காக வந்து தூங்கிப்போனவர். ஒருவர் பேச்சாளரின் மைத்துனர். நாலாவது ஆள் நான். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

அந்தக் கூடத்தில் நாற்காலி போடுகிறவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நூலக உதவியாளர். அலமாரி துடைப்பார், செய்தித்தாள்களைக் கம்பியில் கோப்பார், ஜன்னல் திறப்பார். நிகழ்ச்சி என்றால் நாற்காலி போடுவார். ஆள் வராவிட்டால் அதே நாற்காலிகளை முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் அடுக்குவார். வயது ஐம்பத்திரண்டு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெயர் என்னவோ சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்கு அவர் ஃபாரம் அக்கா.

நாற்காலி போடுவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் கூட்டம் நடத்தியதே இல்லை. முப்பது பேரை எதிர்பார்த்தால் இருபதுதான் போட வேண்டும். மிச்சப் பேர் மூலையிலிருந்து தாங்களே தூக்கிவந்து இடுக்கில் போட்டு உட்காரும்போதுதான் கூட்டத்துக்குக் களை வரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருஷமும் ஏழு தோல்விகளும் பிடித்தன. அக்கா யாரிடமும் கேட்காமல் செய்தார்.

பட்டப்பெயர் வந்த வழி இது. நூலகத்துக்கும் பக்கத்துச் சான்றிதழ் அலுவலகத்துக்கும் நடுவே ஒரே சுவர். பிறப்புச் சான்று, முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம் எல்லாம் அங்கேதான். ஒரு நாள் ஒரு பெண் வியர்த்து விறுவிறுக்க நூலகத்துக்குள் வந்து பேனா கேட்டார்.

"எதுக்கும்மா?"

"கையெழுத்துப் போட மறந்துட்டேங்கா. திருப்பிட்டாங்க."

அக்கா ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து மட்டுமா மறந்த? பிறந்த வருஷம் கேட்டா வயசை எழுதியிருக்க. பிறந்த ஊர் கேட்டா வாழ்க்கைப்பட்ட ஊரை எழுதியிருக்க. அவங்க திருப்பினது தப்பில்லை, அடிக்காம விட்டாங்களே!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் அஞ்சு பேரை அனுப்பினார். அக்காவுக்கு இந்தக் கலை கைவந்தது எப்படி என்றால், அவருடைய வேலை நியமன விண்ணப்பமே ஒன்பது முறை திரும்பி வந்தது. ஒன்பது முறையும் வெவ்வேறு காரணம். பத்தாவது முறை அவர் எழுதிய விண்ணப்பத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் அதிகாரிக்கே முகம் வாடிப்போனதாகக் கேள்வி.

மேலிடம் 'கற்றல் நிகழ்ச்சிகள்' பட்டியல் கேட்டபோது நூலகர் இதையும் சேர்த்துவிட்டார். விண்ணப்பம் நிரப்பும் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கம், வியாழன்தோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. ஜனங்கள் 'ஃபாரம் கிளாஸ்' என்றார்கள். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, சாக்கட்டியை எடுத்து, அக்கா கரும்பலகைக்கு முன்னால் நின்றார். நின்ற அழகில் ஒரு அங்குலம் உயரம் கூடியிருந்தது. ஒன்பது பேர் வந்தார்கள்.

அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது. ஆய்வு நாளில் நிகழ்ச்சிக்கு முப்பது பேருக்குக் குறைந்தால் மாடிக் கூடம் பக்கத்து அலுவலகத்துக்குப் போகும், பழைய கோப்புக் கட்டுகளை அடுக்க. கீழ்த்தளம் படிக்கும் அறை. இருமினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே வகுப்பு நடத்த வழியில்லை. கூடம் போனால் வியாழக்கிழமை போச்சு. அக்காவுக்குத் துடைப்பம் மட்டும் மிஞ்சும்.

அந்தக் கட்டுகளை அடுக்க இடம் கேட்டு அலைந்தது யார் என்றால், சான்றிதழ் அலுவலகத்தின் இரண்டாம் கவுன்டரில் உட்காரும் அக்காவின் சொந்த நாத்தனார். இருவரும் ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே மாதிரி டிபன் டப்பா.

"எனக்கு மட்டும் என்ன ஆசையா அண்ணி? கால் நீட்ட இடமில்ல. நேத்து ஒரு கட்டு சரிஞ்சு செருப்பே காணாம போயிடுச்சு."

"உன் செருப்புக்கு என் கூடமா?"

"ரெண்டு பேரும் என்னைப் பாக்காதீங்க," என்றார் லிஃப்ட் மெக்கானிக். அந்த வீட்டில் அவர் கட்சி சாராத உறுப்பினர்.

அக்கா யோசித்தார். கையெழுத்துப் புத்தகத்தில் பொய்ப் பெயர் எழுதலாம். முன்பிருந்த நூலகர் இருபத்திரண்டு பேர் கையெழுத்தையும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் போட்டுத்தான் மாற்றல் வாங்கினார். ஆகவே நிஜ மனிதர்கள் வேண்டும். நிஜ மனிதர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலில் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

மறு வியாழன் கியூவின் நடுவில் போய் நின்றார். "மேல ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு, தண்ணி இருக்கு. டோக்கன் நம்பர் கூப்பிடறது ஜன்னல் வழியா நல்லா கேக்கும். வர்றவங்க வாங்க."

"காசு எவ்வளவு?" என்றார் ஒரு ப்ளம்பர்.

"காசில்ல. நான் பேசறதைக் கேக்கணும். அவ்வளவுதான் கஷ்டம்."

முப்பத்து நாலு பேர் ஏறினார்கள். அடுத்த வாரம் ஐம்பத்திரண்டு. காற்று வாங்க வந்தவர்கள் காதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூலகர் படியில் ஏறும்போது மெல்லப் பாட ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் விபரீதம் நடந்தது. வகுப்பு பலித்துவிட்டது. சுத்தமாக நிரப்பிய ஃபாரங்கள் கவுன்டருக்குப் போயின. திருப்பி அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. பதினொன்றரை வரை நீண்ட கியூ பத்தேகாலுக்கே காலி. கியூ இல்லாவிட்டால் கூட்டம் ஏது? கடைசி வியாழன் வந்தவர்கள் பதினாலு பேர். இதை என் வாழ்நாளில் பார்த்ததில்லை: வேலையை ஒழுங்காகச் செய்து தன் கூட்டத்தைத் தானே கலைத்த ஆள்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. வரும் வியாழன் ஆய்வு.

நூலகர் அக்காவை அலமாரிகளுக்கு இடையில் ஓரம்கட்டினார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "ஒண்ணே ஒண்ணும்மா. ஒரு கட்டத்தை மட்டும் தப்பா சொல்லிக் குடுத்துடு. தேதி எழுதற இடம் மாதிரி சின்னதா. கியூ தானா வந்துடும்."

அக்கா கையிலிருந்த துணியை உதறினார். "சரி சார். நீங்க முதல்ல ஒவ்வொரு புத்தகத்துலயும் பத்தாம் பக்கத்தைக் கிழிச்சுட்டு வாங்க. நான் அப்புறம் தப்பா சொல்லித் தரேன்."

நூலகர் அன்றைக்கு முழுவதும் அந்தப் பக்கம் வரவில்லை.

தப்பாகச் சொல்லித் தர மறுத்தவர், இன்னும் சரியாகச் சொல்லித் தருவது என்று முடிவெடுத்தார். ஃபாரத்தைத் திருப்பினார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அச்சடித்த நாளிலிருந்து யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஏழாவது விதி: விண்ணப்பதாரர் கேட்டால் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு அன்றே வழங்கப்பட வேண்டும். திங்கட்கிழமை காலை டிபன் டப்பா கட்டும்போது நாத்தனாரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல ரசீது புத்தகம்னு ஒண்ணு உண்டா?"

"உண்டு. பீரோ மேல கிடக்கு. கையால மூணு இடத்துல எழுதணும், ரெண்டு சீல் வைக்கணும். யாரு அண்ணி கேக்கறாங்க அதெல்லாம்?"

"அதானே, யாரு கேக்கறாங்க," என்றார் அக்கா. டப்பாவை இறுக்கி மூடினார்.

செவ்வாயும் புதனும் நூலகத்தில் பேனா கேட்டு வந்தவர்களில் வியாழக்கிழமை கவுன்டருக்குப் போகிற அத்தனை பேருக்கும் ஏழாவது விதி சொல்லப்பட்டது. வேறொன்றும் சொல்லப்படவில்லை. தொழிற்சாலையில் விதிப்படி வேலை செய்து சக்கரத்தையே நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதிப்படி ஒரு ரசீது கேட்டுச் சக்கரத்தை நிறுத்தியவர் இவர் ஒருவர்தான்.

வியாழன் ஒன்பதரைக்குக் கவுன்டர் திறந்தது. முதல் டோக்கன்காரர் ரசீது கேட்டார். இரண்டாவது ஆளும் கேட்டார். மூன்றாவது ஆள் விதி எண்ணையும் சேர்த்துச் சொன்னார். ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம். பத்து மணிக்கு வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போயிருந்தது. வெயில் ஏறியது. ஜனங்கள் மாடி ஏறினார்கள். அக்கா இருபது நாற்காலிதான் போட்டிருந்தார். மிச்சப் பேர் தூக்கிவந்த சத்தத்தில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மேலே பார்த்தார்கள்.

ஜன்னலுக்குக் கீழிருந்து குரல் வந்தது. "அண்ணி! இது உங்க வேலைதானே?"

"எது? நான் கிளாஸ்ல இருக்கேன்!"

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்!"

"பேசு. ஆனா பேசினதுக்கு ரசீது குடுத்துடு!"

கூடம் குலுங்கியது. அந்த நேரத்தில்தான் ஆய்வாளர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அட்டையில் செருகிய படிவம். எண்ணினார். அறுபத்தொண்ணு. மறுபடி எண்ணினார். அதே அறுபத்தொண்ணு. நூலகர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

ஆய்வாளர் முன்வரிசை ப்ளம்பரைக் கேட்டார். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"டோக்கன் நாப்பத்தெட்டு சார். இப்பதான் ஒன்பது போகுது. கீழ ஒரே வெயில்."

நூலகரின் களை இறங்கிவிட்டது.

"அப்ப இது பக்கத்து ஆபீஸ் கியூ. பங்கேற்பாளர் இல்ல," என்றார் ஆய்வாளர். எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டார். பரிந்துரைக் கட்டத்தையும் காலியாக விட்டார். அடியில் கையெழுத்துப் போட்டு அட்டையை நூலகரிடம் நீட்டினார். "நீங்களும் போடுங்க சார். எண்ணிக்கையை நான் ஆபீஸ்ல போய் எழுதிக்கறேன்."

நூலகர் பேனாவைத் திறந்தார். முப்பது வருஷம் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்ட கை அது.

"சார், வேணாம்!" ப்ளம்பர் எழுந்துவிட்டார். "மேல ரெண்டு கட்டம் காலியா இருக்கு!"

பலகையில் அன்றைய பாடம் பாதியில் நின்றிருந்தது: காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதே; எழுது, இல்லாவிட்டால் கோடு போடு. ஆய்வாளர் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றதால் பார்க்கவில்லை.

"அது ஒண்ணுமில்லங்க, ஆபீஸ் நடைமுறை," என்றார்.

"இதையேதான் சார் எங்க மாமனார்கிட்டயும் சொன்னாங்க," என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு சலவைக்கடைப் பெண்மணி. "நடைமுறைன்னாங்க. போட்டாரு. இப்ப மொட்டைமாடி கொழுந்தன் பேர்ல இருக்கு."

"எழுதுங்க சார், இல்ல கோடு போடுங்க!" பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார். நாற்காலிகள் நகர்ந்தன. ஆய்வாளரைச் சுற்றி அறுபத்தொரு தலைகள் படிவத்தை எட்டிப் பார்த்தன. ஒருவர் தேதியில் மாதம் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் எங்கே என்று கேட்டார். அக்கா பலகையோரம் சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

வாசலில் நாத்தனார் வந்து நின்றார். கவுன்டரைப் பூட்டிவிட்டுச் சண்டைக்கு வந்தவர். கையெல்லாம் சீல் மை. ஆய்வாளருக்கு உயிர் வந்தது.

"நீங்க பக்கத்து ஆபீஸா? நல்லதாப் போச்சு. சொல்லுங்க, இவங்க உங்க கியூதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டுகள் மேலே ஏறும், கால் நீட்டலாம், செருப்பு கிடைக்கும். நாத்தனார் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

"கியூவா?" என்றார் நாத்தனார். "பதினாறு வருஷமா கியூவைப் பாக்கறேன் சார். கியூல நிக்கறவங்க கெஞ்சுவாங்க, அழுவாங்க, போயிட்டு நாளைக்கு வருவாங்க. இதுங்க விதி நம்பர் சொல்லுதுங்க. காலையிலருந்து என் உயிரை எடுக்குதுங்க. இது கியூ இல்ல. இதெல்லாம் இவங்ககிட்டப் படிச்சதுங்க." சொல்லும்போதே அழுகை வரும் போல இருந்தது. கோபத்தில்தான்.

ஆய்வாளர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு எண்ணிக்கைக் கட்டத்தில் 61 என்று எழுதினார்.

"எழுத்தாலயும் எழுதணும் சார்," என்றார் சலவைக்கடைப் பெண்மணி.

எழுதினார். பரிந்துரையில் 'கூடம் நூலகத்திடமே இருக்கலாம், ஆறு மாதத்துக்குப் பின் மறு ஆய்வு' என்று எழுதினார். மிச்ச இடத்தில் கோடு போட்டார். நூலகர் கையெழுத்திட்டார். வெளியே போகும்போது ஆய்வாளர் அக்காவின் பக்கத்தில் நின்று மெதுவாக, "வீட்டுக் கடனுக்கு ஒரு ஃபாரம் மூணு தடவை திரும்பி வந்துடுச்சு," என்றார்.

"வியாழக்கிழமை வாங்க சார். சீக்கிரம் வந்தா நாற்காலி கிடைக்கும்."

வீட்டில் நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. "அண்ணா, உங்க வீட்டம்மாவை உப்பைத் தள்ளச் சொல்லுங்க," என்ற அளவில் தூது நடந்தது. அஞ்சாம் நாள் அக்கா தன் கணவரைப் பிடித்துக் கவுன்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பலகை அடித்துக் கொடுக்கவைத்தார். கட்டுகள் அதில் ஏறின. செருப்பும் கிடைத்தது, ஒன்று மட்டும்.

இப்போது சான்றிதழ் அலுவலகத்தில் கேட்காமலே ரசீது கொடுக்கிறார்கள், அதற்குத் தனி ஆள் போட்டுவிட்டார்கள். கியூ மறுபடி காலி. போன வியாழன் வகுப்புக்குப் பதினேழு பேர்தான். அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதிர்வரிசையில் இருக்கும் போக்குவரத்து அலுவலகத்தின் ஃபாரம் ஒன்றை வாங்கிவந்து, பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். நாலாவது விதிக்கு வந்திருக்கிறார். அந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், லீவு மிச்சம் இருந்தால் இப்போதே எடுத்துக்கொள்வது நல்லது.