காரம் தெரியாத மிளகாய்

என்னைப் பாம்பு கடித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடுவேன் என்று நான் நம்பினேன். அரைகுறையாக நம்பவில்லை. பெட்டிக்குள் படுத்துக்கொண்டு விமானத்தில் ஊர் போய்ச் சேர்வது வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். எந்தச் சட்டையைப் போட்டு அனுப்புவார்கள் என்று யோசித்தேன். இருப்பதிலேயே நல்ல சட்டை அழுக்குக் கூடையில் கிடந்தது. சாவதைவிட அது பெரிய கவலையாக இருந்தது.

அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து ஜல்லியாக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். கேம்ப் மலையடிவாரத்தில். முகம் கழுவினால் வாளியில் சாம்பல் கரைத்த தண்ணீர்தான் மிஞ்சும். என் ரூமில் எதிர்க்கட்டில்காரன் லோடர் ஓட்டுகிறவன். ராமநாதபுரம் பக்கம், என் ஊருக்கு அடுத்த ஊர். சொந்தமெல்லாம் கிடையாது. ஆனாலும் அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன். கேம்ப்பில் உறவுமுறை வைத்துக்கொள்ள யாரும் ஜாதகம் கேட்பதில்லை.

அன்று லீவு. குளிர்காலம். வெளியே விறகு அடுப்பு மூட்டி ஆட்டுக்கறி போடுவதாக ஏற்பாடு. கேஸில் வெந்த கறி கறியே இல்லை என்பது மச்சானின் கட்சி. விறகுக்குத்தான் ஸ்டோருக்குப் பின்னால் மரப் பேலட்டுகள் குவிந்து கிடக்கின்றனவே. மெஷின் சாமான்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து வந்து இறங்கும். இறங்கிய பிறகு பேலட்டைச் சீந்த ஆளில்லை. மச்சான் குவியலுக்கு அடியில் கையை விட்டு ஒன்றைத் தூக்கினான். நான் மறுமுனையைத் தொட்டுக்கொண்டு அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சட்டென்று கையை உதறினான். “ஆணி குத்திருச்சு மாப்ள.”

விரலை வாயில் வைத்துச் சப்பித் துப்பினான். பேலட் ஆணி குத்தாத ஆள் எங்கள் கேம்ப்பில் கிடையாது. அவனும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, நானும் ஏனென்று கேட்கவில்லை. இரண்டாவது முறை அவன் தூக்கியபோதுதான் என் செருப்பின் மேல் அது ஏறிப் போனது. மண் நிறம், முதுகில் வெளிறிய கோலம், ஒரு முழ நீளம், பக்கவாட்டில் நெளிகிற ஓட்டம். நம்மூர்க் கருவேலங்காட்டில் கிடக்கிற சுருட்டை விரியனின் அச்சு அசல். நான் எகிறினேன். எகிறி எங்கே விழுந்தேன், எதன் மேல் விழுந்தேன் என்பதெல்லாம் தெரியாது. குனிந்து பார்த்தால் கணுக்காலுக்கு மேலே ரத்தம்.

“போட்டுருச்சு மச்சான்.”

“எங்கடா?”

“கால்ல. முடிஞ்சுது. கலாஸ்.”

அதற்குப் பிறகு நான் ஓர் அடிகூட நடக்கவில்லை. நடந்தால் விஷம் ஏறும் என்ற அறிவெல்லாம் காரணமில்லை. முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாம்பு தீண்டியவனுக்கு மிளகாய் கொடுப்பார்கள். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை, தெரியாவிட்டால் ஏறிவிட்டது. மச்சான் கறிக்காகக் கழுவி வைத்திருந்த பச்சை மிளகாயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

“கடி. உறைக்குதா?”

“இல்ல.”

“நல்லா மென்னு பாருடா.”

“புல்லு மாதிரி இருக்கு மச்சான்.”

பயத்தில் வாய் வறண்டு கிடந்தது. அந்த நிமிஷத்தில் அடுப்புக் கங்கைக் கொடுத்திருந்தாலும் புல் என்றுதான் சொல்லியிருப்பேன். மிச்ச மிளகாயை மச்சான் கடித்துப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது.

“எனக்கு உச்சி மண்டைக்கு ஏறுது. இவனுக்கு ஒண்ணுந் தெரியலையாம். வெசம் ஏறிருச்சுப்பா, வண்டியை எடுங்க.”

ஒரே மிளகாயில் இரண்டு பேருக்கும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எனக்கு விஷம், அவனுக்கு ஆணி.

பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணி டிரைவரின் வண்டி. “சோனா மத் பாய், தூங்காதே” என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக் கத்திக்கொண்டே ஓட்டினான். பின் சீட்டில் மச்சான் மடியில் என் தலை. அவன் கை என் பிடரிக்கு அடியில்.

“எம் பையனை நல்ல காலேஜ்ல சேத்துவிட்டுரு மச்சான்.”

“நீயே சேப்ப. பேசாம கெட.”

“என் கட்டிலை அந்தக் குறட்டைக்காரனுக்குக் குடுத்துறாத.”

“சரி.”

“என்ன சரி? அப்ப நான் போயிருவேன்னு முடிவே பண்ணிட்டியா?”

அவன் சிரித்தான். கொஞ்ச தூரம் போனதும், “கை ரொம்பக் கடுக்குது மாப்ள, தலையை அந்தப் பக்கம் திருப்பு” என்றான். சாகக் கிடப்பவனிடம் கை கடுக்கிறது என்று சொல்கிறானே என்று எனக்குக் கோபம். தலையைத் திருப்பவே இல்லை. வேண்டுமென்றே கனமாக வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் என்னைக் கட்டிலில் போட்டார்கள். நர்ஸ் கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. என் காலைத் துடைத்து, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள்.

“அண்ணே, இது தகரம் கீறுனதாக்கும். பல்லு பட்ட அடையாளமே இல்ல.”

“மிளகா உறைக்கலைம்மா.”

“இங்க மிளகா டெஸ்ட் எடுக்க மாட்டோம்ணே.” சிரித்துக்கொண்டே என் சட்டைக் காலரைத் தூக்கினாள். சிரிப்பு நின்றது. “இது யாருக்க ரத்தம்? உங்களுக்குத் தலையில ஒண்ணும் இல்லியே.”

மச்சான் என் செருப்பையும் எங்கள் இருவர் போனையும் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றான். விரலில் சுற்றிய கைக்குட்டை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. புறங்கை வீங்கி, வாட்ச் பட்டை சதைக்குள் புதைந்திருந்தது.

“ஆணி குத்துனதும்மா. நிக்கவே மாட்டேங்குது” என்று கூச்சத்தோடு சிரித்தான். ஈறெல்லாம் சிவப்பு.

“அண்ணே, நீங்க எறங்குங்க” என்று அவள் என்னிடம் சொன்னாள். இறங்கினேன். முழங்கால்கள் நன்றாகவே வேலை செய்தன.

இருவர் ரத்தத்தையும் கண்ணாடிக் குழாய்களில் எடுத்து நிறுத்தி வைத்தார்கள். காத்திருந்து சாய்த்துப் பார்த்தபோது என்னுடையது கட்டியாக நின்றது. அவனுடையது தண்ணீராக ஓடியது. ரத்தத்தைக் கட்ட வைக்கும் சத்தை விஷம் தின்றுவிட்டது, இனி உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் கசியலாம் என்று டாக்டர் சொன்னார். எதிர்மருந்தை ஏற்றினார்கள். ஏற்றியதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. நிறுத்தி, தொடையில் ஊசி போட்டு, மூச்சு சீரானதும் மெதுவாக மறுபடி தொடங்கினார்கள். கை முழங்கை வரை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. சர்ஜன் வந்து தொட்டுப் பார்த்தார். உள்ளே அழுத்தம் கூடினால் கையைக் கீறித் திறக்க வேண்டியிருக்கும், ஆனால் ரத்தம் கட்டாமல் கத்தி வைத்தால் அதை நிறுத்த முடியாது என்றார். காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவன் மனைவி. வீடியோவை அணைத்துவிட்டு எடுத்தேன்.

“அண்ணே, அவுக எங்க?”

“டூட்டில இருக்கான்மா.”

“இன்னைக்கு லீவுன்னாகளே.”

“அவசரமாக் கூப்டுட்டாங்க. கறி எனக்கு மட்டும்தான்.”

அவள் சிரித்துவிட்டு வைத்தாள். வாயைத் திறந்தால் யாரையாவது சிரிக்க வைத்துவிடுகிற பிழைப்பு என்னுடையது. அன்றைக்கு அதைச் செய்திருக்க வேண்டாம்.

காலையில் உள்ளே விட்டார்கள். ஈறில் ரத்தம் குறைந்திருந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“கறி என்னாச்சு மாப்ள?”

“பட்டாணி தின்னுட்டான்.”

“உன் கால் எப்புடி இருக்கு?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. வெந்துபோய் நின்றேன்.

“நல்லாருக்கு மச்சான்.”

“தலை மட்டும் வலிக்குதுடா. பொளக்குற மாதிரி.”

நர்ஸிடம் சொன்னேன். அவள் டாக்டரை அழைத்து வருவதற்குள் அவனுக்கு வார்த்தை குழறியது. மாப்ள என்பதை முழுதாகச் சொல்ல வரவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஸ்கேன் எடுக்க ஓடினார்கள். திரும்பி வந்ததும் சொல்வதற்கு ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன்.

விரியன் கடித்தது அவனைத்தான். எதிர்மருந்து வேலையை முடிப்பதற்குள் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான்.