காருக்கு வைத்த மழைத்தண்ணீர்

என் பழைய காருக்காகப் பண்டாரவளை பார்ட்ஸ் கடைக்காரர் இரண்டு கூலண்ட் கேன்களை எடுத்து வைத்தார்.

"பழைய எஞ்சினுக்கு செவப்பு வேணாங்க மிஸ், பச்சைய ஊத்துங்க. பைப்புத் தண்ணி மட்டும் கலந்துறாதீங்க, உள்ள உப்புப் படிஞ்சிரும்."

கடைசியாகச் சொன்னது அப்படியே அப்பாவின் பேச்சு.

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் கார் டிரைவர். எங்கள் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் வழியும் மழைத்தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, ரேடியேட்டருக்கென்று குடத்தில் மூடி வைப்பார். நாங்கள் குடித்ததோ மலையிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணீர்; மழை பெய்தால் கலங்கி, மண் வாசனையோடு வரும். அந்தக் காரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அந்தக் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தேன். ஒரு ருசியும் இல்லை. இதற்கா இவ்வளவு சீராட்டு?

"கார்த் தண்ணியவா குடிச்ச?" அப்பா கத்தினார். "மேட்டுல வண்டி கொதிச்சா தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"புள்ள ஒரு செம்பு குடிச்சா கொறஞ்சா போயிரும்?" என்றாள் அம்மா.

அப்பா வாசலில் நின்ற காரின் பானட்டைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கப் போய்விட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்ப்பவள் அம்மாதான்.

பச்சையையே வாங்கி ஊற்றினேன். அப்புத்தளை ஏற்றம் முடிந்ததும் வண்டியை நிறுத்தி, பானட்டில் புறங்கையை வைத்தேன். அளவான சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை.

"குடுத்து வச்ச கழுத" என்றேன் அதனிடம்.