கயிறு எட்டாத மூலை

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பூங்கா, அதன் பின்னால் செம்மண் தரையில் ஒரே ஒரு பொது டென்னிஸ் கோர்ட். செம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே அங்கேதான் போவேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுகிற ஒரே பெண் நான்.

அங்கே ஆளுக்கு ஒரு செட். ஜெயித்தவர் நின்று அடுத்தவரோடு ஆடலாம், தோற்றவர் வெளியே. அன்றைக்கு ஆகக் கேவலமாகத் தோற்றவர் மறுநாள் முதல் ஆளாக வந்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். ஒரு வருஷமாகப் பெரும்பாலும் நான்தான் போட்டேன். ஒரே ஒரு நாளாவது ஜெயித்து, இரண்டாவது செட் ஆடிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

கயிறோ குட்டை. கடைசி நாலடியைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். நான் போட்டால் அந்த மூலையில் கோடு ஒரு சாண் வெளியே வளைந்துவிடும். "டீச்சர் போட்டா கோடும் கோண வகிடுதான்" என்று சிரிப்பார் பேங்க்கில் வேலை பார்த்த ஒருவர். லேசில் தோற்காத மனிதர். கணக்கு டீச்சருக்கு நேர்கோடு வரவில்லை என்றால் மானம் போகாதா?

அன்று அந்த பேங்க் சாரோடுதான் ஆட்டம். ஐந்துக்கு நான்கு, நான் முன்னால். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் செட் எனக்கு. பந்து வாகாக வந்தது. எதிரே அந்த மூலை, நான் போட்ட மூலை! இழுத்து அடித்தேன். வெளியே போகிறது என்று சார் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். பந்து விழுந்த இடத்தில் வெள்ளையாகப் புழுதி கிளம்பியது.

"அவுட்!" என்றார்.

"சுண்ணாம்பு பறந்துச்சே சார்!"

"கோடே தப்பு டீச்சர். நேரா போட்டிருந்தா அவுட்தான்."

"இவ்வளவு நேரம் இதே கோட்டுலதானே ஆடினீங்க?"

தண்ணீர் வாளியோடு அந்த மூலையில் நின்றிருந்த வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். "கோட்டு மேலதான் கீது சார். இன்னாத்துக்கு பேஜாரு? வெளிய வா சார்."

குதித்தேன். புடவை அவிழாததே பெரிய விஷயம்.

இரண்டாவது செட்டில் ரயில்வேக்காரர் ஒருவர் என்னை ஆறு-பூஜ்யம் என்று துவைத்துக் காயப்போட்டார். ஆக, மறுநாளும் கோடு என் தலையில்தான். துளி வருத்தமில்லை. இரண்டாவது செட் ஆடியாயிற்றே!

மறுநாள் நான் போனபோது பேங்க் சார் முந்திக்கொண்டு வந்து நின்றிருந்தார். கையில் புத்தம் புதுக் கயிறு.

"இது மூலை வரைக்கும் எட்டும் டீச்சர். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

ஒரு வருஷமாக ஒருத்தருக்கும் இந்தக் கயிறு வாங்கத் தோன்றவில்லை. என் அடிக்குப் பயந்து ஒரு மனிதர் கடைக்குப் போயிருக்கிறார்! கோடு நேராகத்தான் வந்தது. சிரிப்பைத்தான் என்னால் அடக்க முடியவில்லை.