மச்சாள் வீட்டைவிட லொட்ஜ் நல்லம்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் ஆண் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். ஆரையம்பதியில் நான் இருக்கும் வீடு என் பெயரில். என் கணவர் உன்னிச்சையிலிருந்து ஒரு சைக்கிளோடும் நாலு சாரத்தோடும் இங்கே வந்தவர். அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. என் அண்ணா அதே மாதிரிப் போனபோதுதான் வயிறு எரிந்தது.

அண்ணா போனது பக்கத்துத் தெருவுக்கு அல்ல. அவருடைய பெண்சாதியின், அதாவது என் மச்சாளின், தகப்பன் மட்டக்களப்பு ரவுணில் கடை வைத்திருந்தவர். நாட்டில் சண்டை கூடியதும் கடையை விற்று, கொழும்பில், வெள்ளவத்தையில், மகளின் பெயரில் ஒரு மாடிவீடு வாங்கிக் கொடுத்தார். அண்ணாவும் கூடவே போய்விட்டார். அம்மா கண்ணை மூடிய பிறகு அவருக்குச் சோறு போட்டது நான்தான். எந்தக் கறிக்கு இரண்டாம் தரம் சோறு கேட்பார், எதை ஓரமாக ஒதுக்குவார், எல்லாம் எனக்குத்தான் தெரியும். அப்படி நான் வளர்த்து வைத்த அண்ணாவை ஒருத்தி அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோனாள். பொறாமை என்று சொல்ல வெட்கமில்லை, அது பொறாமைதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை விடுமுறையில் நாங்கள் கொழும்பு பார்க்கப் புறப்பட்டோம். அந்தப் போகம் வெள்ளாமை சரிவந்திருந்தது. மகளுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை ஆடுவதைப் பார்க்க வேண்டும். எனக்குக் காலிமுகத்திடல் கடற்கரையில் உட்கார்ந்து கடலை கொறிக்க வேண்டும். மூன்று நாள் பயணம். ரவுணில் ஒரு கொமினிகேசன் கடையிலிருந்து அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"எங்கட வீட்டில வந்து நில்லுங்க," என்றார். பின்னால் மச்சாளின் குரல் கேட்டது: "அறை ஒண்டு சும்மாதானே கிடக்கு, சொல்லுங்க."

"அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு," என்றார் அண்ணா.

சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும் பிள்ளை மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணாண்ணா. நாங்க லொட்ஜ் பாத்திட்டம்," என்றேன். பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "கொழும்பில இப்ப லொட்ஜில நிக்கிற தமிழாக்களத்தான் பொலிஸ் முதல்ல பிடிக்கிறது. உன்ட அண்ணன்ட வீடு இருக்கக்குள்ள ஏன் இந்த வேலை?"

"அது அண்ணன்ட வீடில்ல. மச்சாள்ர வீடு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். அவருடைய ஆட்கள் எல்லாருமே இப்படித்தான், வாய் திறக்கமாட்டார்கள். அவருடைய அக்காவும் அப்படித்தான். நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு உன்னிச்சையிலிருந்து வருடா வருடம் வருவா. எங்கள் வீட்டில் இடம் கிடக்க, கோயில் மண்டபத்தில் பாயைப் போட்டுக்கொள்வா. கேட்டால் "மண்டபத்தில காத்து நல்லம் புள்ள" என்பா. காற்று வாங்க ஊர் விட்டு ஊர் வருகிற மனுசி என்று நான் பலபேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் கணக்கு வேறு. லொட்ஜில் நின்றால் அண்ணா என்னைப் பார்க்க வரவேண்டும். அங்கே மச்சாள் இருக்கமாட்டா. மூன்று நாளைக்காவது அவர் பழைய அண்ணாவாக இருப்பார். அதற்காகவே வாவியில் பிடித்துக் காயவைத்த கூனியைத் தேங்காய்ப்பூவோடு வறுத்து ஒரு ரின் நிறைய எடுத்துக்கொண்டேன். அந்தச் சின்ன இறாலுக்கு அண்ணா உயிரையே விடுவார்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் கிடைத்தது. மனேஜர் அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, "என்ன அலுவலா வந்தீங்க?" என்று கேட்டார்.

"கொழும்பு சுத்திப் பாக்க," என்றேன்.

அவர் சிரித்தார். "தங்கச்சி, மட்டக்களப்பில இருந்து இந்த நேரத்தில ஆராவது சுத்திப் பாக்க வருவாங்களா? பாஸ்போட் எடுக்க, வெளிநாட்டு ஏஜென்சிக்காரனப் பாக்க எண்டு சொல்லுங்க. அதுதான் எல்லாருக்கும் விளங்கும்."

உண்மையைச் சொல்வதற்கு எனக்கென்ன பயம் என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

அண்ணாவுக்குப் போனில் இடத்தைச் சொன்னேன். நான் நினைத்தபடியே பின்னேரம் அண்ணா தனியாக வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ரின்னின் மூடியிலேயே கூனியைக் கொட்டி, விரலால் அள்ளிச் சாப்பிட்டார். ஊர்க்கதை சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சேட் முழுக்க வேர்வை.

"இதுக்குள்ள காத்தே இல்லையே," என்றார்.

"இல்லண்ணா, காத்து நல்லாத்தான் வருது," என்றேன்.

வெளியே வெயில் தாழ்ந்ததும் எழும்பிவிட்டார். "இருட்டமுந்தி போயிருவன். அவ பயந்துகொண்டிருப்பா." மிச்சக் கூனியை அவரிடம் கொடுத்துவிட மனம் வரவில்லை. கொடுத்தால் அவளும் தின்பாள் அல்லவா?

மறுநாள் காலை, யானை பார்க்க மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பொலிஸ் வந்தது. அறை அறையாகக் கேட்டார்கள். ஏன் கொழும்புக்கு வந்தீர்கள் என்றதற்கு என் கணவர் யானை பார்க்க என்றார். மனேஜர் சொன்னது சரிதான், அதை ஒருவரும் நம்பவில்லை. விசாரிக்க வேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் மகளும் அழுதபடி பின்னாலே ஓடினோம். பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலிருந்த கடையிலிருந்து அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். சேட்டுக்குப் பொத்தான் மாறிப் போட்டபடி வந்து சேர்ந்தார்.

மேசையில் இருந்தவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கொழும்பில் சொந்த வீட்டில் இருக்கும் ஒருவர் பொறுப்பெடுத்தால் விடலாம் என்றார். "வீடு யார் பேர்ல?"

"வைஃப்ட பேர்ல," என்றார் அண்ணா.

"அப்ப அவங்கள வரச் சொல்லு."

அண்ணா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போன் எடுக்கப் போனார். ஒரு வீட்டைத் தன்னுடையது என்று சொல்லமுடியாத மனுசனாக என் அண்ணாவை அங்கேதான் கண்டேன்.

மச்சாள் ஓட்டோவில் வந்தா. தலை வாரி, நல்ல சாறி உடுத்தி. சிங்களம் தண்ணீராக ஓடியது. அவ சொன்னது அண்ணாவின் வாயால் பிறகுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் என் வீட்டுக்கு வந்தவர்கள், வீட்டில் பெயின்ற் அடிப்பதால் ஒரு இரவு லொட்ஜில் விட்டேன், இன்றைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாவாம். எங்கள் உண்மை என் கணவரை உள்ளே வைத்தது, அவவின் பொய் அரை மணித்தியாலத்தில் வெளியே எடுத்தது. வாசலில் என்னைப் பார்த்து, "வாங்க மச்சாள், பேக்க எடுத்துக்கொண்டு போவம்," என்றா. ஏசியிருந்தால் நானும் ஏசி ஆறியிருப்பேன்.

அன்று மத்தியானம் தன் வீட்டில் அவ என் ரின்னைத் திறந்து, மிச்சக் கூனியை முருங்கையிலையோடு சேர்த்துச் சுண்டினா. அண்ணா இரண்டாம் தரம் சோறு கேட்டார். யானை பார்க்கப் போனபோது மகள் மாமியின் கையைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள். காலிமுகத்திடலில் கடலை வாங்கித் தந்ததும் மச்சாள்தான். என் பங்கை மகளிடமே கொடுத்துவிட்டேன்.

படுக்கப்போகும்போது கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். "பாத்தீங்களா, ஒரு தலையணை எடுக்கவும் அண்ணா அவட்டக் கேக்கிறார்."

"உன்ட வீட்டில தலையணை எங்க கிடக்கெண்டு எனக்கும் இன்னும் தெரியாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அடுத்த மாதம் சடங்கு வந்தது. மதினி உரப்பையோடு வந்து வாசலில் நின்றா.

"இந்த முறை வீட்டில நில்லுங்க மதினி. அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று தெரிந்தது.

மதினி என் முகத்தைப் பார்த்தா. "இல்ல புள்ள. மண்டபத்தில காத்து நல்லம்."

பின்னேரம் கணவர் சேட்டை மாட்டினார். "அக்காவோட கொஞ்சம் இருந்திட்டு, இருட்டமுந்தி வந்திருவன்," என்றார். இருட்டுவதற்கு முன்னரே வந்தும்விட்டார். சோறு போட்டேன், பசியில்லை என்றார். கையில் பொரித்த உன்னிச்சைக் குளத்து மீன் கருவாட்டு மணம். அது அவருக்குப் பிடிக்கும் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எதையோ நினைத்துத் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.